குழாய்க்கு வாங்கிய ரெக்கார்டர்

தண்ணீர்க் குழாய்களுக்காகத் தேர்ந்தெடுத்த ரெக்கார்டரில்தான் அவர் தன் மனைவியின் குரலைப் பிடித்து வைத்தார். குரல் போகப் போகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போவதற்குள் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. ரெக்கார்டரும் நல்ல ரெக்கார்டர். அவரே பார்த்துப் பார்த்து வாங்கியது. அதனால்தான் பின்னால் யாரையும் குறைசொல்ல முடியாமல் போயிற்று.

குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு விசித்திரமான உத்தியோகம். தரைக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்வது. ஆமாம், காதால் கேட்டுத்தான். ஒரு முனையில் கிண்ணம் போல மரக்குமிழ் வைத்த நீண்ட இரும்புக் கம்பி ஒன்று வைத்திருந்தார். விடியற்காலையில், வண்டிகள் கிளம்புவதற்கு முன், தெரு வால்வின் மேல் கம்பியை ஊன்றிக் குமிழில் காதை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார். கசிவு இருந்தால் மெல்லிய ஒரு இரைச்சல் ஏறி வரும். அடுத்த வால்வுக்கு நடப்பார். அங்கே இரைச்சல் கூடினால் அந்தப் பக்கம், குறைந்தால் இந்தப் பக்கம். பால் வாங்க வருபவர்கள் ஆரம்பத்தில் ஒதுங்கிப் போனார்கள். பழகிய பிறகு, "என்ன சார், பூமிக்கு இன்னிக்கு ஜுரம் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'காது'. "காது இன்னிக்கு லீவா?" "மெதுவாப் பேசுங்கப்பா, காது வருது." அவரும் சிரித்துக்கொள்வார்.

வீட்டில் கதையே வேறு. அவருக்குக் காதே கேட்காது என்பது மனைவியின் கட்சி. முன்னறை ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷின். பேன்ட்டுக்குக் கீழ்மடிப்பு, சீருடைக்கு ஜிப், திரைச்சீலைக்கு ஓரம் என்று அந்தத் தெருவின் சின்னச் சின்னக் கிழிசல்களெல்லாம் அவளிடம்தான் வரும். ஏதாவது வேண்டுமென்றால் மிதியை நிறுத்துவாள். "ஏங்க" என்பாள். அது மெதுவாக வரும், கதவைத் தட்டலாமா என்று யோசித்துக்கொண்டே தட்டுகிற மாதிரி. அதற்கப்புறம்தான் விஷயம், அது நல்ல உரக்க. ஆளைக் கூப்பிடாமல் அவள் எந்தப் பேச்சையும் ஆரம்பித்ததில்லை. மகளிடம் "பாப்பா", எதிர்வீட்டு அம்மாளிடம் "அக்கா", துணி கொண்டு வருபவர்களிடம் "தம்பி". சுவரேறி வரும் பூனையைக்கூட "டேய் கருப்பா" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் விரட்டுவாள்.

'ஏங்க' முழுசாக விழுவதற்குள் அவர் உள்ளேயிருந்து "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பார். வர மாட்டார்.

அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு இளம்பெண் பொறியாளராக வந்தாள். நல்ல பெண். இவரோடு விடியற்காலையில் தெருத்தெருவாக நடந்து, கம்பியில் காது வைத்துப் பார்த்து, "எனக்கு என் இதயம்தான் சார் கேக்குது" என்று ஒப்புக்கொண்டவள். ஒருநாள் அவள் சொன்னாள். "ஒவ்வொரு கசிவையும் பதிஞ்சு வச்சுக்கணும் சார். இணைப்புல கசிஞ்சா ஒரு சத்தம், வெடிப்புல கசிஞ்சா ஒரு சத்தம்னு சொல்றீங்களே, எல்லாத்துக்கும் மாதிரி வேணும். நீங்க லீவுல போகும்போது காதைக் கழட்டி மேஜை மேல வச்சுட்டா போவீங்க?"

அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. "ரெக்கார்டரை நான் பாத்து எடுக்கறேம்மா" என்றார்.

இருவரும் ஒலிபெருக்கிச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனார்கள். அந்த நாட்களில் மனைவிக்குத் தொண்டைக்கட்டு. பல மாதமாகவே இருந்தது. குரலோடு காற்றும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. சாதாரணச் சளி என்று அவள் சொன்னாள், அவரும் அப்படியே வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரவில்லை. கடையில் நின்றபோது அவர் மனதில் இருந்ததெல்லாம் குழாய் மட்டும்தான்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பெரிய ரெக்கார்டர். தலையில் இரண்டு மைக் கொம்பு மாதிரி குறுக்கே நின்றன.

"கச்சேரியே எடுக்கலாம் சார் இதுல."

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெக்கார்டரின் முதுகைக் கட்டைவிரலால் தடவினார். இடி இடித்தது. "கை பட்டாலே முழங்குதே. இதைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தெருவுல நிக்கணும். என் விரல் ஊர்றதையா நான் கேட்டுக்கிட்டு நிப்பேன்?"

அடுத்தது பேனா போல ஒல்லியானது. பொறியாளருக்கு அது பிடித்திருந்தது, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தத்தை இதுவே ஏத்தி எறக்குதே, அதை நிறுத்த முடியாதா?"

"அது வசதி சார். சின்ன சத்தத்தைப் பெருசாக்கும், பெரிய சத்தத்தைச் சின்னதாக்கும்."

"அப்ப எது கிட்ட, எது தூரம்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க பொழப்பே அந்த வித்தியாசத்துலதான் ஓடுது."

மூன்றாவது, நடுத்தரமான ஒன்று. உள்ளங்கையில் அடங்கியது. சாதாரண பேட்டரி போதும். வெளியிலிருந்து மைக் குத்திக்கொள்ள ஓட்டை இருந்தது. காற்றுக்குப் பஞ்சுத் தொப்பி கொடுத்தார்கள். சத்தத்தின் அளவை நாமே வைக்கலாம். அவர் கடையின் பின்பக்கக் கழிவறைக்குப் போய்க் குழாயை மயிரிழை திறந்துவிட்டு, மைக்கைக் குழாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு பாட்டுப் பாடிப் பாப்பாங்க. பாத்ரூம் குழாயைப் பாட வச்ச ஆளு நீங்கதான் சார்" என்றார் கடைக்காரர்.

"வாஷர் போயிருக்கு. மாத்திடுங்க."

அந்த ரெக்கார்டரில் அவருக்கு ரொம்பப் பிடித்த ஒரு சங்கதி இருந்தது. சத்தம் இல்லாதபோது தூங்கும், சத்தம் வந்தால் தானாக விழித்துக்கொண்டு பதியும். எவ்வளவு சத்தத்துக்கு விழிக்க வேண்டும் என்பதையும் நாமே வைக்கலாம். வால்வில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். திரும்பி வந்து பார்த்தால், பதிவு இருந்தால் கசிவு, இல்லையென்றால் இல்லை.

கடைக்காரர் அதிலேயே இன்னொரு ரகத்தை எடுத்துக் காட்டினார். "இது விழிச்சுக்கறதுக்கு முன்னாடி இருந்த ரெண்டு செகண்டையும் சேத்துப் பிடிச்சு வச்சுக்கும் சார். அந்த ரகம் முழிக்கறதுக்குள்ள ஆரம்பம் கொஞ்சம் போயிடும். இதுல போகாது."

பொறியாளர், "இதையே எடுத்துக்கலாமே சார்?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். "ஒழுகற குழாய் ரெண்டு செகண்டுல எங்கயாவது ஓடிடுமாம்மா? முதல் ரெண்டு செகண்டும் ஸ்ஸ்ஸுதான், அடுத்த ரெண்டு மணி நேரமும் ஸ்ஸ்ஸுதான். பேட்டரிக்குத்தான் கேடு. முதல் ரகமே போதும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. குழாயைப் பொறுத்தவரை.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் உயிருக்குப் பயமில்லை என்று நம்பலாம். கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு இருக்காது. "அதுக்கு முன்னாடி இவங்க பேசறதைக் கொஞ்சம் பதிஞ்சு வச்சுக்குங்க. பல பேர் அப்புறம்தான் நினைச்சுக்கறாங்க."

முதலில் பேசியவள் அவள்தான். "ஏங்க, அப்ப இனிமே வீட்டுல நீங்க வச்சதுதான் சட்டம்."

டாக்டர் சிரித்தார். இவரால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், அவள் குரல் எதிலுமே இல்லை. மனைவியிடம் இருந்தது பொத்தான் போன். மகளுடைய கல்யாண வீடியோவில் அவள் வருகிறாள், வாயசைக்கிறாள், மேலே பாட்டு ஓடுகிறது. போனில் பதிந்தால் போன் குரல்தான் வரும் என்று அவருக்கு எண்ணம். மறுநாள் பொறியாளரிடம் விஷயத்தைச் சொல்லி ரெக்கார்டரைக் கேட்டார். அவள் அதை மேஜையிலிருந்து எடுத்து நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்க சார். வேற கார்டு போட்டுக்குங்க. குழாய் எங்கயும் ஓடிடாது."

முதல் முயற்சி கேலிக்கூத்தாயிற்று. மனைவி முகம் கழுவி, தலை சீவி, போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்ததும், "வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் நலமா?" என்றாள்.

"யார்கிட்ட பேசற?"

"டப்பாகிட்ட."

"என்கிட்ட பேசு."

"உங்ககிட்ட என்ன பேச? எதிர்லதானே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க."

அதனால்தான் அவர் அந்த யோசனைக்கு வந்தார். ரெக்கார்டரை மிஷினுக்கு மேலே உள்ள அலமாரித் தட்டில் வைத்துவிடுவது. அவள் மறந்துவிடுவாள், தன்பாட்டுக்குப் பேசுவாள், அது விழித்து எடுத்துக்கொள்ளும். தையல் மிஷினின் கடகடப்புக்கு விழிக்கக் கூடாது, அவள் குரலுக்கு மட்டும் விழிக்க வேண்டும். வால்வு வால்வாகச் செய்த வேலைதான். ஒரு மாலை முழுதும் அவளை மிதிக்கச் சொல்லியும் பேசச் சொல்லியும் அளவைத் துல்லியமாக வைத்தார்.

"ஏங்க, நான் என்ன குழாயா? எங்க ஒழுகுதுன்னு பாக்கறீங்களா?"

"பேசு, பேசு, நல்லா விழுது."

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் வரை ரெக்கார்டர் அந்தத் தட்டிலேயே இருந்தது. அவள் குரல் வரவர உடைந்துகொண்டு வந்தாலும் பேச்சுக் குறையவில்லை. சாயங்காலம் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சரிபார்ப்பார். இரைச்சல் உண்டா, சத்தம் எங்காவது கரகரக்கிறதா, அளவுக்கு மீறி ஏறியிருக்கிறதா? எல்லாம் சுத்தமாக இருந்தது. என்ன பேசியிருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. வேலையில் இருக்கிற காதுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மேலும், பேசுகிறவள் பக்கத்து அறையில்தானே இருந்தாள்.

ஆபரேஷன் அன்று காலை, தள்ளுகட்டிலில் போகும்போது கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்தாள். "ஏங்க, கேஸை..."

"மூடிட்டேன், மூடிட்டேன். நீ கவலைப்படாம போ."

மூடவில்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்ல வேண்டும். மெலிந்து வந்தாள், கழுத்தில் துளைக்கு மேல் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டாள், கொஞ்ச நாளில் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்தில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி சத்தம் வந்தது. மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டாள். கையாலும் கண்ணாலும் பேசப் பழகினாள். எதிர்வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்து, பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு உரக்க உரக்கப் பேசிவிட்டுப் போவாள்.

வீட்டில் சத்தம் குறைந்துபோயிற்று. அவர் குளியலறையிலிருந்து, யாரும் கூப்பிடாமலே, "வந்துட்டேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவள் தன் காதைத் தொட்டு, அலமாரித் தட்டைக் காட்டினாள். அவர் ரெக்கார்டரைச் சின்ன ஒலிபெருக்கியில் மாட்டிப் போட்டார்.

"...நான் என்ன குழாயா? எங்க ஒழுகுதுன்னு பாக்கறீங்களா?"

அவள் தோள் குலுங்கியது. சிரித்தால் கழுத்துத் துணிதான் இப்போது எழுந்து எழுந்து அடங்கும்.

"...உப்புப் போட மறந்தீங்களா, இல்ல ரெண்டு தடவை போட்டீங்களா?"

"...அந்த நீல நூல்கண்டை எங்க தூக்கி வச்சீங்க?"

ஒவ்வொரு பதிவும் ஆரம்பிக்கப்போகும் நேரத்தில் அவள் உதடு லேசாக அசைந்தது. தான் பேசியதை நினைவில் வைத்துக் கூடவே சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். களைப்பாக இருக்கும் என்று நிறுத்தினார். "எப்படி, நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டார். அவள் அவரையே பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள்.

வெளியூரில் இருக்கும் மகளுக்கு முதல் தவணையாகப் பாதிப் பதிவுகளை அனுப்பிவைத்தார். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, கேட்டேன்பா." அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"தெளிவா இருக்கா? இரைச்சல் ஏதும் இல்லையே?"

"ரொம்பத் தெளிவு. ஆனா அப்பா, அம்மா யார்கிட்ட பேசறாங்க?"

"என்ன பாப்பா இது, நம்மகிட்டதான்."

"இல்லப்பா. எல்லாம் நடுவுலேருந்தே ஆரம்பிக்குது. நான் வந்திருந்தபோது எடுத்ததும் இருக்கு. 'இந்தத் துண்டை மாடியில போட்டுட்டு வா'ன்னு வருது. அம்மா அப்படியா சொல்லுவாங்க? 'பாப்பா'ன்னு கூப்பிடாம என்னிக்காவது என்கிட்ட பேசியிருக்காங்களா? ஒண்ணுலகூட 'பாப்பா' இல்லப்பா. தேடிப் பாத்துட்டேன்."

கழிவறைக் குழாயில் மைக்கை ஒட்டிப் பிடித்துக்கொண்டு தான் நின்றதும், கடைக்காரர் கையில் அந்த இன்னொரு ரகம் இருந்ததும் அவர் கண்முன் வந்தன. அப்புறம், மனைவியின் உதடு. அவள் கூடவே சொல்லிப் பார்க்கவில்லை. விட்டுப்போனதைப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தாள். அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நான் சும்மாதான் கேட்டேன். இருக்கறதே பெருசுப்பா. விடுங்க."

அவர் விடவில்லை. அலுவலகம் விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்துவிடுவார். ரெக்கார்டர் முன்பே விழித்திருந்த சமயத்தில் அவள் கூப்பிட்டிருந்தால் அந்தச் சொல் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கூப்பிடும்போதெல்லாம் மிதியை நிறுத்திவிட்டு, வீடு அமைதியான பிறகே கூப்பிட்டிருக்கிறாள். சாவகாசமாக, ரெக்கார்டர் நன்றாகத் தூங்கியிருக்கும் நேரம் பார்த்து. மிஷின் சத்தத்துக்கு விழிக்காதபடி அளவு வைத்தவர் அவர்தான். வைத்ததில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

வேறு சத்தங்களைத் தேடினார். தெருவில் ஹாரன், கதவு அறைந்தது, பாத்திரம் விழுந்தது. பாத்திரம் விழுந்ததும் அவள் கூப்பிட்டிருக்கிறாள், ஆனால் பூனையை. "டேய் கருப்பா, உன்னை..." அது முழுசாக இருந்தது. அதை மகளுக்கு அனுப்பலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டார்.

கடைசியில் ஒரு பதிவில் குக்கர் விசில் அடித்தது. ரெக்கார்டர் விசிலுக்கு விழித்துக்கொண்டிருக்கிறது. விசில் அடங்குகிறது. நீராவி இரைகிறது. அவர் குமிழில் காது வைத்தவர் போல மூச்சைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக, தட்டுக்குக் கீழே மிஷினிலிருந்து, அவள்.

"ஏ..."

அதன் மேலேயே, உள்ளேயிருந்து, கனத்த ஒரு ஆண் குரல் இடித்துக்கொண்டு வந்தது. "வந்துட்டேன், வந்துட்டேன்!" அதில் சலிப்பு இருந்தது. அந்தக் குரல் முடிந்தபோது அவள் விஷயத்துக்குப் போய்விட்டிருந்தாள். "...விசில் வந்து எவ்வளவு நேரமாச்சு. ஊர் குழாயெல்லாம் கேக்குது, இது கேக்கல."

திரும்பப் போட்டார். தன் குரலுக்கு அடியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்தார். குழாய்களில் அப்படிப் பிரித்துக் கேட்க அவருக்குத் தெரியும். லாரி போகும்போதுகூடக் கசிவைப் பிடித்திருக்கிறார். சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக் கேட்டார். எப்படிக் கேட்டாலும் 'ஏ'வுக்குப் பிறகு அவர்தான் இருந்தார்.

அந்த ஒரு பதிவை மகளுக்கு அனுப்பவில்லை. ரெக்கார்டரை மறுநாள் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். "அம்மா குரல் நல்லா வந்திருக்கா சார்?" என்று பொறியாளர் கேட்டாள்.

"நல்லா வந்திருக்கும்மா. இந்த வாரம் பெரிய தெரு வால்வுல மாட்டிப் பாக்கலாம்" என்றார். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது.

அன்று சாயங்காலம் பின்னறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். முன்னறையில் மிதி நின்றது. ஊசி குத்தாமல் இருக்க விரல்நுனியில் போடுகிற உலோகத் தொப்பி ஒன்று அவளிடம் உண்டு. இப்போதெல்லாம் அதனால் மிஷின் பலகையைத் தட்டித்தான் கூப்பிடுவாள். இரண்டு தட்டு.

முதல் தட்டு விழுந்தது. 'வந்துட்டேன்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டு, பாதி மாட்டிய சட்டையோடு நின்றார். இரண்டாவது தட்டு விழுந்தது. அது அடங்கும் வரை நின்றார்.

பிறகு வார்த்தை எதுவும் சொல்லாமல் முன்னறைக்குப் போனார். அவள் ஊசியையும் நீல நூலையும் நீட்டினாள். கண்ணுக்கு எட்டவில்லை, கோத்துக் கொடுக்க வேண்டுமாம். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்தார். கோப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.